சீட்டில் அச்சான நேரமும் ஒரு வாக்குறுதியே!



காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஓர் அத்தியாயம் திருமறையில் இருப்பதை நாம் அறிவோம். தொழுகை என்பது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதையும் அறிவோம். நம் பள்ளிவாசல் சுவர்களில் தொங்கும் நேர அட்டவணை, ஐவேளைத் தொழுகைக்கும் மணியை மட்டுமல்ல, நிமிடத்தையும் சேர்த்தே குறிக்கிறது. ரமளானில் பகலெல்லாம் பசித்திருந்தவர், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடைசி ஒரு நிமிடமும் கழியட்டும் என்று காத்திருக்கிறார். நிமிடத்தின் மதிப்பை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த ஒரு சமுதாயம், பள்ளிவாசலின் படியிறங்கியதும் ‘பத்து மணி என்றால் பத்தரைக்குப் போனால் போதும்’ என்று பேசுவது எவ்வாறு பொருந்தும்?

இந்தக் கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவோம். ஆகவே, நம் இளைஞர்களும் இப்போது நம் சகோதரிகள் பலரும் எதிர்கொள்கிற ஒரேயொரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே விளக்க விரும்புகிறேன். ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கான முதற்படியாகிய எழுத்துத் தேர்வுக்கு, அதாவது மக்கள் ‘எல்.எல்.ஆர்.’ என்று அழைக்கும் பழகுநர் உரிமத் தேர்வுக்கு, குறித்த நேரத்தில் போய்ச் சேர்வதே அந்தக் காரியம். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் இதில் தவறுகிறவர் இழப்பது அரைமணி நேரம் மட்டுமன்று என்பதைப் படித்து முடிக்கும்போது உணர்வீர்கள்.

தேர்வின் நோக்கம் என்ன?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எவரும் பொதுச் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. பதினெட்டு வயது நிறைந்தவர் இருசக்கர வாகனத்திற்கும் காருக்கும் விண்ணப்பிக்கலாம். பதினாறு வயது நிறைந்தவர், 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத இருசக்கர வாகனத்திற்கு மட்டும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலோடு விண்ணப்பிக்கலாம். சரக்கு லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு இருபது வயது நிறைந்திருக்க வேண்டும்.

வண்டியைத் தொடுவதற்கு முன்பே விண்ணப்பதாரருக்குச் சாலை விதிகள் தெரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இந்த முதல்நிலைத் தேர்வு. இதில் எவை கேட்கப்பட வேண்டும் என்பதை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுத்துள்ளன. சாலைக் குறியீடுகளும் சைகை விளக்குகளும் சாலை ஒழுங்குகளும் முதலாவது. விபத்து நேர்ந்து ஒருவர் காயமுற்றால் அல்லது உயிரிழந்தால் ஓட்டுநரின் கடமை என்ன என்பது இரண்டாவது. ஆளில்லா ரயில்வே கடவையைக் கடக்கும்போது காட்ட வேண்டிய எச்சரிக்கை மூன்றாவது. வண்டி ஓட்டும்போது உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் நான்காவது. கேட்கப்படும் கேள்விகளில் 60 விழுக்காட்டிற்குக் குறையாமல் சரியாக விடையளிப்பவர் தேறியவர் ஆவார்.

தேறியவருக்குக் கிடைக்கும் பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பிறகே, ‘எட்டுப் போடுதல்’ என்று நாம் சொல்லும் ஓட்டும் தேர்வுக்குச் செல்ல முடியும். எனவே முதல் தேர்வு ஒரு வாரம் தள்ளிப்போனால், அதன் பின்னால் வருகிற ஒவ்வொன்றும் ஒரு வாரம் தள்ளிப்போகும். உரிமத்தை எதிர்பார்த்து ஒரு கடையிலோ வாடகைக் கார் நிறுவனத்திலோ வேலை காத்திருக்கும் இளைஞருக்கு, அது ஒரு வாரக் கூலி.

குறித்த நேரம் யாருக்கு உரியது?

முன்பெல்லாம் அலுவலகத்திற்கு நேரில் சென்று வரிசையில் நின்றால்தான் விண்ணப்பிக்க முடியும். இன்று ஒன்றிய அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நாளையும் நேரத்தையும் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். தமிழகத்தில் இ-சேவை மையங்கள் வாயிலாகவும் விண்ணப்பிக்கலாம். ஆக, சீட்டில் அச்சாகி வரும் நேரம் எந்த அதிகாரியும் நம் மீது திணித்ததன்று. ‘இந்த நாளில், இந்த நேரத்தில் வருகிறேன்’ என்று நாமே விரும்பி எழுதிக்கொடுத்த வாக்குறுதி அது. வாக்களித்து மாறுசெய்வது எத்தகைய குணத்தின் அடையாளம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு நேரத்திற்கு இத்தனை பேர் என்றுதான் இடம் ஒதுக்கப்படுகிறது. நீங்கள் ஓர் இடத்தைப் பதிவு செய்தவுடன், அதே நேரத்தை நாடிய வேறொருவருக்கு அது கிடைக்காமல் போகிறது. அவர் வெளியூரிலிருந்து வருகிற கூலித் தொழிலாளியாக இருக்கலாம். கைக்குழந்தையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டிய தாயாக இருக்கலாம். அந்த இடத்தை எடுத்துக்கொண்டு நாமும் போகவில்லையென்றால், அது யாருக்கும் பயன்படாமல் வீணாகிறது. எனவே பதிவு செய்த நேரம் நம் கையில் இருக்கும் ஓர் அமானத். போக இயலாது என்று முன்கூட்டியே தெரிந்தால், நேரத்தை மாற்றிக்கொண்டு அந்த இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதே நேர்மை.

இங்கிலாந்தில் ஓட்டுநருக்கான எழுத்துத் தேர்வு 1996ஆம் ஆண்டு ஜூலையில் தனித் தேர்வாகத் தொடங்கப்பட்டது. 57 நிமிடங்களில் 50 கேள்விகள். 43 சரியாக இருந்தால் தேர்ச்சி. அங்கே தாமதமாகச் செல்பவர் தேர்வு எழுத அனுமதிக்கப்படாமல் போகலாம்; கட்டிய பணமும் திரும்பாது. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் அங்கே இந்த ஒழுங்கிற்கு மறுபேச்சின்றிக் கட்டுப்படுகிறார்கள். கட்டுப்படும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. ஊருக்குள் இருக்கும்போது மட்டும் அதை ஏன் கழற்றி வைக்க வேண்டும்?

தாமதம் எங்கே பிறக்கிறது?

தாமதம் சாலையில் பிறப்பதில்லை. பெரும்பாலும் முந்தைய இரவில் நம் வீட்டில்தான் பிறக்கிறது. அதன் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஆவணங்கள். விண்ணப்பப் படிவம், கட்டண ரசீது, நேரச் சீட்டு, வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்தகுதி உறுதிமொழி ஆகியவற்றைக் காலையில் தேடத் தொடங்குபவர் நிச்சயம் பிந்துவார். நாற்பது வயதைக் கடந்தவர்களும், போக்குவரத்து வாகனத்திற்கு விண்ணப்பிப்பவர்களும் மருத்துவரின் சான்றிதழும் கொடுக்க வேண்டும். இதை அறியாமல் போய், அலுவலக வாசலில் நின்றுகொண்டு மருத்துவரைத் தேடி ஓடுபவர்கள் உண்டு. மூலச் சான்றுகளை ஓர் உறையிலும், நகல்களை மற்றோர் உறையிலும் இரவே எடுத்து வைத்துவிட்டால் காலைப் பொழுது நம் வசமாகிவிடும்.

இரண்டாவது, அலுவலகம் எது என்பதில் குழப்பம். மதுரையில் மூன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன. வண்டி எண்களில் 58 என்று காண்பது மதுரை தெற்கு. 59 மதுரை வடக்கு. 64 மதுரை மத்தி. ‘ஆர்.டி.ஓ. ஆபீஸ்’ என்று மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏறினால், ஓட்டுநர் தமக்குத் தெரிந்த ஏதோ ஓர் அலுவலகத்தில் இறக்கிவிடுவார். சீட்டில் எந்த அலுவலகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதை நிதானமாகப் படியுங்கள். முடிந்தால் முதல் நாளே ஒருமுறை சென்று இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, வழி. தேனி சாலையும் பைபாஸ் சாலையும் குறுக்கிடும் நம் காளவாசல் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மேம்பாலம் 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எனினும் பாலத்திற்குக் கீழே, அரசரடிப் பக்கமும் விராட்டிபத்துப் பக்கமும் செல்வோர் காலை எட்டரை மணிக்கும் ஒன்பதரை மணிக்கும் இடையே பள்ளி வாகனங்களோடும் அலுவலகம் செல்வோரோடும் நெருக்கியடித்துக்கொண்டுதான் போக வேண்டியுள்ளது. முகூர்த்த நாள் என்றால் இன்னும் கூடுதல். சித்திரைத் திருவிழா நாட்களில் நகரின் பல சாலைகளில் போக்குவரத்து மாற்றிவிடப்படும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பத்து நிமிடத்தில் கடந்த தூரத்தைத் திங்கட்கிழமை காலையிலும் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம் என்று கணக்கிடுவது, நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நான்காவது, மிக முக்கியமானது. தேர்வெழுதச் செல்கிற இளைஞர்களில் சிலர், தாமே பைக்கை ஓட்டிக்கொண்டு அலுவலகத்திற்குப் போகிறார்கள். பழகுநர் உரிமம்கூடக் கையில் இல்லாத நிலையில், அதைக் கேட்டு வாங்கப் போகும் வழியிலேயே சட்டத்தை மீறுகிறார்கள்! உரிமமின்றி ஓட்டுவதற்கு 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. எனவே பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ, உரிமம் பெற்ற ஒருவரின் வண்டியில் பின்னால் அமர்ந்தோதான் செல்ல வேண்டும். அதற்குரிய கூடுதல் நேரத்தையும் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே செய்யும் பிழை. வெள்ளிக்கிழமை நண்பகலை ஒட்டிய நேரத்தைப் பதிவு செய்துவிட்டு, அங்கே வரிசை நீளும்போது ஜும்ஆ தவறுமோ என்று தவிப்பானேன்? வேறு நாள் கிடைக்கும்போது வேறு நாளை எடுங்கள்; வெள்ளிக்கிழமைதான் கிடைக்கிறதென்றால் காலையின் முதல் நேரத்தை எடுங்கள். ரமளானில் ஸஹருக்குப் பின் உறங்கும் வழக்கமுள்ளவர் அதையும் கருதிக்கொள்ளட்டும்.

பத்து மணி என்பதன் பொருள்

சீட்டில் பத்து மணி என்றிருந்தால், அது வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமன்று. அலுவலக வாசலை மிதிக்கும் நேரமும் அன்று. தேர்வுக்கு முன்னால் சான்றுகளைச் சரிபார்ப்பதும் புகைப்படமும் கையொப்பமும் பதிவாவதும் போன்ற வேலைகள் இருக்கலாம். ஆகவே அரைமணி நேரம் முன்னதாகச் சென்று அமர்ந்திருப்பதே முறை.

தேர்வு கணினித் திரையில் நடைபெறுகிறது. தமிழிலேயே கேள்விகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கேள்விக்கும் அளவான விநாடிகளே உண்டு. மூச்சிரைக்க ஓடி வந்து, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி திரையின் முன் அமர்பவருக்கு, நன்கு தெரிந்த விடையும் நினைவுக்கு வராது. வட்டத்திற்குள் இருப்பது கட்டாயக் குறியீடு. முக்கோணத்திற்குள் இருப்பது எச்சரிக்கைக் குறியீடு. நீள்சதுரத்தில் இருப்பது தகவல் குறியீடு. இந்த எளிய பாகுபாடுகூடப் பதற்றத்தில் தலைகீழாகிவிடும்.

இகாமத் சொல்லப்பட்டாலும் தொழுகைக்கு ஓடி வராமல், அமைதியோடும் கண்ணியத்தோடும் நடந்து வருமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். ஓடக் கூடாது; ஆனால் ஜமாஅத்தும் தவறக் கூடாது. இவ்விரண்டும் ஒருசேர நிறைவேற ஒரே வழி, முன்னதாகப் புறப்படுவதுதான். இந்த ஒழுங்கு தொழுகைக்குப் பொருந்துவது போலவே தேர்வுக்கும் பொருந்தும்.

பிந்தியவர் யார் கையில் சிக்குகிறார்?

நேரம் தவறியவரின் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. உண்மையைச் சொல்லி, இன்று எழுத வாய்ப்புண்டா என்று பணிவோடு கேட்டு, இல்லையென்றால் வேறொரு நாளைப் பெற்றுக்கொண்டு திரும்புவது ஒன்று. வாசலில் நிற்கும் ஓர் இடைத்தரகரிடம், ‘எப்படியாவது முடித்துக்கொடுங்கள்’ என்று பணத்தை நீட்டுவது மற்றொன்று.

நேரத்தோடு வந்தவருக்கு இடைத்தரகர் தேவைப்படுவதில்லை. அவரிடம் சீட்டு இருக்கிறது, சான்றுகள் இருக்கின்றன, படித்த பாடம் இருக்கிறது. பிந்தி வந்தவரின் பதற்றமே தரகரின் முதலீடு. மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்திற்கு ஒரு வாகன வகைக்கு 150 ரூபாயும் தேர்வுக்கு 50 ரூபாயும்தான் கட்டணம். மாநிலத்தின் சேவைக் கட்டணம் தனி. இதற்கு மேல் கைமாறும் தொகை எதற்காகக் கைமாறுகிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியும்; வாங்குபவருக்கும் தெரியும். லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்திற்குரியோர் என்ற நபிமொழியை அறிந்த நாம், ‘அவசரத்திற்குக் கொடுத்தேன்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியுமா? அந்த அவசரத்தை உண்டாக்கியவர் யார்?

பழகுநர் உரிமத்தை, ஆதார் வழியாக அடையாளம் உறுதிசெய்து இணையத்திலேயே பெறக்கூடிய சேவைகளுள் ஒன்றாக ஒன்றிய அரசு 2021ஆம் ஆண்டில் சேர்த்தது. எந்த இடத்தில், எந்த முறையில் தேர்வு நடந்தாலும், நமக்குப் பதிலாக வேறொருவரைக் கொண்டு விடைகளைத் தொடச் செய்வது பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது. ‘இவருக்குச் சாலை விதி தெரியும்’ என்று அந்த உரிமம் உலகத்திற்குச் சாட்சி சொல்கிறது. தெரியாதவர் கையில் அது இருந்தால் அந்தச் சாட்சி பொய்யாகிறது.

உயிரின் கணக்கு

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழகத்திற்கு: 64,105. அவற்றில் மாண்டவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இவர்களின் ஜனாஸாக்களைச் சுமந்த தோள்களையும், வாசலில் காத்திருந்த தாய்மார்களையும் எண்ணிப் பார்த்தால், குறியீடுகளைப் படிக்க ஒதுக்கும் ஒரு மாலைப்பொழுது எவ்வளவு மலிவான விலை என்பது விளங்கும்.

தாமதத்திற்கும் விபத்திற்கும் நேரடியான உறவும் உண்டு. பிந்திப் புறப்பட்டவர் வேகத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார். ஈடு எவ்வளவு என்று கணக்கிடுவோம். ஐந்து கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாது சென்றால் பத்து நிமிடம். 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஆறு நிமிடம். மிச்சம் நான்கே நிமிடம். அதற்கு அவர் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடும் வண்டி, 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ பதினான்கு மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், கண் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்குள் கழியும் தூரம் அது. பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கான தூரமோ ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. நான்கு நிமிடத்தை முன்கூட்டியே வீட்டில் சம்பாதித்திருந்தால் இந்த ஆபத்து எதுவும் தேவையில்லை.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்றிருக்கிறோம். பாதையில் நாமே இடையூறாக ஆகாமலிருப்பது அதைவிட முந்தியதல்லவா?

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

பிள்ளைக்கு வயது நிறைவதற்கு முன்பே சாவியைக் கொடுத்து, ‘என் மகன் எவ்வளவு அழகாக ஓட்டுகிறான்’ என்று பெருமைப்படும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பாதுகாவலருக்கு அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை பழகுநர் உரிமமும் கிடைக்காது. இரண்டாண்டு பொறுக்காத அவசரம், ஏழெட்டு ஆண்டுகளைப் பறித்துவிடுகிறது. நேரத்திற்குப் பிந்துவது மட்டுமல்ல, நேரத்திற்கு முந்துவதும் நேரம் தவறுதலே. வக்து வருமுன் தொழுத தொழுகை நிறைவேறாது என்பதை நாம் அறிந்தவர்கள்தானே!

பிள்ளை தேர்வுக்குச் செல்லும் நாளில் சுபுஹுத் தொழுகைக்கு அவனை எழுப்பி, அதன்பின் உறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றுகள் உறையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை கேளுங்கள். வண்டிச் சாவியை உங்களிடமே வைத்துக்கொண்டு, பேருந்துக் கட்டணத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவன் தேறி வந்தால் மகிழுங்கள். தேறாமல் வந்தால் கடிந்துகொள்ளாமல் மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் தள்ளிப்போனாலும் தரகரிடம் மட்டும் அனுப்பாதீர்கள்.

அன்பு வாசகர்களே! அலுவலகச் சீட்டின் நேரத்தை மதிக்கக் கற்றவர் சிவப்பு விளக்கின் முன் அறுபது விநாடி பொறுத்து நிற்கவும் கற்றுக்கொள்கிறார். அந்தப் பொறுமை, முகம் தெரியாத யாரோ ஒருவரை மாலையில் உயிரோடு அவருடைய பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்கிறது. வல்ல அல்லாஹ் நம் நேரங்களில் பரக்கத் செய்வானாக! நம் வாக்குறுதிகளைப் பேணி நடக்கவும், நம் கைகளால் எவருக்கும் தீங்கு நேராமல் வாழவும் அருள்புரிவானாக! ஆமீன்.